ரசீது இல்லாத வரி

2025 அக்டோபர் தொடக்கத்தில் பாரிமுனைப் பக்கம் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். சென்னையைச் சேர்ந்த ஓர் இறக்குமதி நிறுவனம், சுங்க அதிகாரிகள் லஞ்சம் கேட்டுத் தொல்லை கொடுப்பதாகச் சமூக ஊடகத்தில் பகிரங்கமாக எழுதிவிட்டு, இந்தியாவில் ஏற்றுமதி இறக்குமதித் தொழிலையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. சுங்கத் துறை உடனே மறுத்தது. சரக்கின் விவரத்தைத் தவறாகக் காட்டியது அந்த நிறுவனம்தான் என்றது. நிதி அமைச்சகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. தம்புச் செட்டித் தெரு டீக்கடைகளில் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. "அதிகாரிங்க எல்லாம் இப்படித்தான்" என்பது ஒரு கட்சி. "இறக்குமதிக்காரன் மட்டும் என்ன யோக்கியமா?" என்பது இன்னொன்று.

அந்த விவகாரத்தில் யார் பக்கம் உண்மை என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அது விசாரிக்கிறவர்கள் வேலை. ஆனால் அந்த இரண்டு டீக்கடைக் கட்சிகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை என்பதை யாருமே கவனித்த மாதிரி தெரியவில்லை. சரியான சரக்கைக் கொண்டுவந்தவனிடம் பிடுங்குவது ஒரு லஞ்சம். தவறான சரக்கைக் கொண்டுவந்தவன் வரியில் பாதியைப் பங்கு போட்டுக்கொள்வது இன்னொரு லஞ்சம். இரண்டும் ஒரே கட்டடத்தில், சில சமயம் ஒரே மேசையில் நடக்கும். ஆனால் இரண்டும் ஒரே நோய் அல்ல. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றை வளர்த்துவிடவும் கூடும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

அம்பத்தூரில் இயந்திர உதிரிபாகம் இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நெடுங்காலம் டாக்குமென்ட் வேலை பார்த்தவன் நான். இப்போது சிறிய இறக்குமதியாளர்கள் சிலருக்குக் கணக்கு பார்க்கிறேன். துறைமுகத்தைவிட துறைமுகத்தின் பில்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். லஞ்சத்தைப் புரிந்துகொள்ள அது ஒன்றும் மோசமான இடமில்லை.

சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் அனுப்பும் பில்லில் வரிசையாக வரும்: சுங்க வரி, சிஎஃப்எஸ் எனும் கன்டெய்னர் கிடங்கின் கட்டணம், கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டர் கட்டணம், டிரெய்லர் வாடகை, ஏஜென்சி கமிஷன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ரசீது குத்தியிருக்கும். கடைசியில், மொத்தத்துக்குச் சற்று மேலே, "இதர செலவுகள்" என்று ஒரு வரி. அதற்கு ரசீது கிடையாது. எப்போதும் முழுத் தொகை. 3,500, 6,000 என்று இருக்கும், 3,487 என்று இருக்காது. தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு பையன் என் கண்ணெதிரிலேயே லிங்கிச் செட்டித் தெரு ஏஜென்ட் ஒருவரிடம் இதைக் கேட்டான்.

"அண்ணே, இந்த இதர செலவு எதுக்குன்னு பிரிச்சுக் கொடுத்தீங்கன்னா ஆடிட்டருக்கு அனுப்பிடுவேன்."

"தம்பி, பிரிச்சா அது இதர செலவா இருக்காது" என்றார் அவர். கோபமே இல்லை. "உங்க கன்டெய்னர் எத்தனை நாள்ல வெளிய வந்துச்சுன்னு பாத்தீங்களா? நாலு நாள். அந்த வரியை எடுத்துடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. அப்புறம் எட்டாவது நாள் எனக்கு போன் பண்ணாதீங்க."

பையன் அந்த வரியை எடுக்கவில்லை. அவன் சரக்கில் தவறு எதுவும் இல்லை. சரக்கின் குறியீட்டு எண் சரி, விலை சரி, இன்வாய்ஸ் சரி. அவன் கொடுத்தது நேரத்துக்கு. அந்தப் பணத்தில் எவ்வளவு உண்மையில் யார் கைக்குப் போனது, எவ்வளவு ஏஜென்ட் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது என்பதை அவனால் ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது. ரசீது இல்லாத பணத்தின் தனிச்சிறப்பு அது. அதிகாரி கேட்கவே இல்லாத லஞ்சத்தையும் அவர் பெயரில் வசூலிக்கலாம்.

நேரம் ஏன் இவ்வளவு விலை போகிறது? கன்டெய்னர் சிஎஃப்எஸ்ஸில் இறங்கியதிலிருந்து ஒரு சில நாள்தான் இலவசம். அதன் பிறகு இடத்துக்கு வாடகை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்காததற்குக் கப்பல் கம்பெனி டாலரில் தனி வாடகை வாங்கும், அதுவும் நாள் ஏற ஏற விகிதம் ஏறும். பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிப் பத்திரத்தை) தாமதமாகத் தாக்கல் செய்தால் முதல் 3 நாளுக்கு நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய். வரியைத் தாமதமாகக் கட்டினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. ஆக, இறக்குமதியாளர் தாமதித்தால் அதற்கு ரூபாய் பைசாவில் விலை இருக்கிறது. அதிகாரி தாமதித்தால்? துறை தடுத்து வைத்த நாட்களுக்கு வாடகை வாங்கக் கூடாது என்று சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டி, கப்பல் கம்பெனியிடம் பணத்தைத் திரும்ப வாங்கியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கடிகாரம் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓடுகிறது. லஞ்சம் முளைக்க இதற்கு மேல் எதுவும் வேண்டாம். யாரும் வாய் திறந்து கேட்கக்கூட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரையில் ஒரு க்வெரி, அதாவது அதிகாரி விளக்கம் கேட்கும் கேள்வி, வந்தால் போதும்.

இங்கே அதிகாரிகள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நேர்மையான அதிகாரியும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் க்வெரி போடுவார். குறைந்த வரி விகிதத்தில் ஒரு சரக்கை விட்டுவிட்டால், மூன்று வருஷம் கழித்துத் தணிக்கைக் குறிப்பு வரும், விஜிலன்ஸ் வரும், பதவி உயர்வு நிற்கும். கூடுதலாக ஒரு கேள்வி கேட்டதற்காக யாருக்கும் மெமோ வந்ததில்லை. அதனால் தன் கழுத்தைக் காத்துக்கொள்ளக் கேட்கும் கேள்வியும், காசுக்காகக் கேட்கும் கேள்வியும் திரையில் ஒன்று போலவே இருக்கின்றன. பணம் வாங்குகிறவருக்கு அதைவிட நல்ல மறைவிடம் வேறு ஏது?

சரி, புகார் கொடுக்கலாமே என்பார்கள். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். லஞ்சம் கொடுப்பதும் அன்று முதல் நேரடிக் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தேன் என்று தப்பிக்க வேண்டுமானால் 7 நாளுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும். மாதத்துக்கு ஒரு கன்டெய்னர் இறக்கும் சின்ன வியாபாரி அதே வாசலுக்கு அடுத்த மாதமும் போக வேண்டும். அந்த 7 நாளுக்குள் அவர் என்ன செய்வார்? பில்லைக் கட்டிவிட்டு அடுத்த சரக்குக்கு வங்கியில் எல்சி (கடனுறுதிக் கடிதம்) திறப்பார்.

இதுவரை சொன்னது பிடுங்கும் லஞ்சம். இதில் பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார், புலம்பவாவது செய்கிறார். அடுத்தது அப்படியில்லை. கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் லாபம். நட்டம் கஜானாவுக்கும், ஒழுங்காக வரி கட்டும் போட்டியாளருக்கும். அந்த இருவருமே அந்த அறையில் இருப்பதில்லை.

இந்த இரண்டையும் பிரித்து அளந்தவர்கள் சாண்ட்ரா செக்கேரா, சிமியோன் ஜான்கோவ் என்ற பொருளியலாளர்கள். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக்கின் மபுட்டோ, தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகங்களில் லஞ்சம் கைமாறுவதைச் சரக்கு சரக்காகப் பதிவு செய்தார்கள். பிடுங்கும் லஞ்சம் இருக்கும் துறைமுகத்தை நிறுவனங்கள் தவிர்க்கப் பார்க்கின்றன. பங்கு போடும் லஞ்சம் இருக்கும் துறைமுகத்தையோ தேடிப் போகின்றன. யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒரு துறைமுகத்தில் கூட்டம் அலைமோதுவதும், வாடிக்கையாளர்கள் முகம் மலர்ந்திருப்பதும் ஊழல் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

பங்கு போடும் லஞ்சம் எங்கே பிறக்கிறது? கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு பொருள்களுக்கு இரண்டு வரி விகிதம் இருக்கும் இடத்தில். நம் ஊர் உதாரணமாகவே பாக்கை எடுத்துக்கொள்வோம். பாக்கு சுங்க வரி அட்டவணையில் 0802 என்ற தலைப்பில் வந்தால் 100 சதவீதம் இறக்குமதி வரி. அதோடு, கிலோ 351 ரூபாய்க்குக் குறைவான விலையில் இறக்கவே கூடாது என்று 2023-இலிருந்து ஒரு குறைந்தபட்ச விலை. அதே பாக்கை வறுத்துவிட்டால் அது 2008 என்ற வேறு தலைப்பு, பதப்படுத்திய கொட்டை வகை. 2023 வாக்கில் அதற்கு வரி வெகுவாகக் குறைவாக இருந்தது. சாதாரணமாகக் காய வைத்ததா, உண்மையிலேயே வறுத்ததா? எவ்வளவு சூடு காட்டினால் வறுத்ததாகக் கணக்கு? ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும்? இந்தச் சண்டை சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், வறுத்த பாக்குக்கு 2008-தான் என்று 2023-இல் தீர்ப்பானது. வழக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சட்டத்தில் இருந்த வாசலைச் சட்டப்படியே தட்டினார்கள். நான் கவனிக்கச் சொல்வது, நீதிமன்றத்துக்கே வாதம் கேட்டு முடிவு செய்ய வேண்டியிருந்த ஒரு வித்தியாசத்தை, மணலி வெயிலில் கன்டெய்னர் கதவைத் திறந்து ஒரு பிடி பாக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஓர் அதிகாரி தினமும் முடிவு செய்ய வேண்டியிருந்தது என்பதைத்தான். அவர் உள்ளங்கையில் இருந்தது பாக்கு அல்ல, லட்சக்கணக்கான ரூபாய் வித்தியாசம். அவர் யோக்கியராகவே இருக்கட்டும், அப்போதும் அந்த இடத்தில் யாராவது ஒருவர் பேரம் பேச வந்து நிற்பார்.

குறைந்தபட்ச விலை வேறொரு வேடிக்கையையும் செய்யும். மிளகு கிலோ 500 ரூபாய்க்குக் கீழே வரக் கூடாது என்று 2017 டிசம்பரில் விதி வந்தது. உடனே இன்வாய்ஸ்களில் விலையைக் கூட்டிக் காட்டி மிளகை இறக்குகிறார்கள் என்று விவசாயிகள் தரப்பிலிருந்து புகார் கிளம்பியது. விலையைக் குறைத்துக் காட்டுபவர்களைப் பிடிக்கப் பழகிய துறைக்கு, கூட்டிக் காட்டுபவர்கள் புது அனுபவம்.

வரி விகித இடைவெளியில் நடக்கும் இந்த ஏய்ப்பை எண்ணிக்கையில் காட்டியவர்கள் ரேமண்ட் ஃபிஸ்மன், ஷாங் ஜின் வெய் என்ற பொருளியலாளர்கள். 2004-இல் வந்த ஆய்வு. ஹாங்காங் "சீனாவுக்கு இவ்வளவு அனுப்பினோம்" என்று சொன்ன கணக்கையும், சீனா "ஹாங்காங்கிலிருந்து இவ்வளவு வந்தது" என்று சொன்ன கணக்கையும் பொருள் வாரியாக அடுத்தடுத்து வைத்தார்கள். அனுப்பியதற்கும் வந்ததற்கும் இடையில் சரக்கு காணாமல் போயிருந்தது. வரி அதிகமான பொருள்களில் அதிகம் காணோம். வரி ஒரு சதவீதப் புள்ளி கூடினால் ஏய்ப்பு சுமார் 3 சதவீதம் கூடியது. இன்னொன்றும் தெரிந்தது: உயர்ந்த வரிப் பொருள் மறைந்த அளவுக்கு, அதை ஒத்த தாழ்ந்த வரிப் பொருள் கூடுதலாக முளைத்திருந்தது. பாக்கு எங்கே போனது என்று தேடினால் வறுத்த பாக்கில் கிடைக்கும் என்கிற மாதிரி.

விலையைக் குறைத்துக் காட்டும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதில் பலர் ஒரு பழைய கணக்கை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். துறைமுகம் வந்து சேர்ந்த மதிப்பு 10 லட்சம் உள்ள ஒரு சரக்கு. அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம் என்று வைப்போம்: 2 லட்சம். அதன் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி: 20,000. மொத்தம் 12.2 லட்சத்தின் மேல் 18 சதவீத ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி): 2,19,600. ஆக வரி 4,39,600. இன்வாய்ஸைப் பாதியாக்கினால் வரியும் பாதி, 2,19,800 மிச்சம். வெளிநாட்டில் விற்றவருக்குத் தர வேண்டிய மீதி 5 லட்சம் ஹவாலாவில் போகும். இதுதான் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால் பில் போட்டு விற்கும் கம்பெனிக்கு இந்தக் கணக்கு உதைக்கும். ஐஜிஎஸ்டி எப்படியும், விற்கும்போது கட்டும் ஜிஎஸ்டியில் கழிந்து, வரவாகத் திரும்பிவிடும், அதனால் அதில் மிச்சம் பிடித்துப் பயனில்லை. உண்மையான மிச்சம் சுங்க வரியில் 1,10,000 மட்டும். பதிலுக்குப் புத்தகத்தில் கொள்முதல் செலவு 12.2 லட்சத்திலிருந்து 6.1 லட்சமாகக் குறைந்து, லாபம் 6.1 லட்சம் கூடித் தெரியும். அதற்குச் சுமார் 25 சதவீத வருமான வரி என்றால் ஒன்றரை லட்சம். 1.1 லட்சம் மிச்சம் பிடிக்க 1.5 லட்சம் கட்டுவதா? அப்படியென்றால் விலையைக் குறைத்துக் காட்டுவது யாருக்கு லாபம்? பில் இல்லாமல் ரொக்கத்துக்கு விற்பவருக்கு. அவருக்கு ஐஜிஎஸ்டி வரவும் வேண்டாம், லாபத்தைக் காட்டவும் வேண்டாம். துறைமுகத்தில் விலை மோசடியைத் தடுக்க வேண்டுமென்றால் துறைமுகத்துக்கு வெளியே, கடையில் பில் போடுவதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கன்டெய்னர் ஸ்கேனர் வாங்கும் பட்ஜெட்டில் கொஞ்சத்தை அங்கே செலவழித்தால் பலன் கூடும் என்பது என் எண்ணம். ஸ்கேனர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும். இன்வாய்ஸில் என்ன இல்லை என்று காட்டாது.

வரி விகிதத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு ஆய்வே வேண்டாம், ராஜாஜி சாலையில் நடந்தால் போதும். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் உருவானது பர்மா பஜார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே வாங்காத வெளிநாட்டுப் பொருள் கிடையாது. டேப்ரெக்கார்டர், கைக்கடிகாரம், சென்ட், ஜப்பான் துணி எல்லாம் கிடைக்கும். சிங்கப்பூருக்குப் போய்வரும் குருவிகள் (கூலிக்குச் சரக்கு கடத்துபவர்கள்) சுமந்துவந்த சரக்கும் அங்கேதான் இறங்கும். எத்தனையோ சோதனைகள் நடந்தன, பஜார் அசையவில்லை. பிறகு 1991-இல் மன்மோகன் சிங் உச்ச வரியை 150 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். (ஆம், 150-க்குக் குறைத்தார். அதற்கு முன் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.) 2007-08 வாக்கில் வேளாண் பொருள் அல்லாதவற்றுக்கு உச்ச வரி 10 சதவீதம். 1997-இல் கையெழுத்தான தகவல் தொழில்நுட்பப் பொருள் ஒப்பந்தத்தின்படி 2005-க்குள் கணினி, அதன் பாகங்கள் போன்றவற்றுக்கு வரியே இல்லை. ரிச்சி தெருவில் ஹார்ட் டிஸ்க்கைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவர வேண்டிய அவசியமே போய்விட்டது. பர்மா பஜார் இன்னும் இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்து இப்போது எந்த அதிகாரியும் தூக்கம் இழப்பதில்லை.

இந்த வைத்தியத்தைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனவர் முதலாம் குலோத்துங்கன். "சுங்கம் தவிர்த்த சோழன்" என்ற பட்டம் சும்மா வரவில்லை. சுங்கமே இல்லாத ஊரில் சுங்க லஞ்சம் எப்படி இருக்கும்? ஆனால் அவருக்கு நிதிப் பற்றாக்குறை இலக்கு கிடையாது, உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்று என்று மனு கொடுக்க ஸ்டீல் கம்பெனிகளும் கிடையாது.

தங்கம் இதே பாடத்தின் மறுபக்கம். 2012 தொடக்கத்தில் 2 சதவீதமாக இருந்த தங்க வரி 2013 ஆகஸ்டில் 10 சதவீதம் ஆனது. அடங்கிக் கிடந்த குருவிகள் மீண்டும் மீனம்பாக்கத்தில் இறங்க ஆரம்பித்தார்கள். 2022 ஜூலையில் அடிப்படை வரியும் செஸ்ஸும் சேர்த்து 15 சதவீதம். கிலோ 70 லட்சம் என்றால் பத்தரை லட்சம் ரூபாய் இடைவெளி. ஒரு ஆளை மலக்குடலில் தங்கப் பசையோடு விமானத்தில் உட்கார வைக்க அந்தத் தொகை போதுமானது. 2024-இல் சென்னை விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு கடையைப் பயன்படுத்தி இரண்டே மாதத்தில் 267 கிலோ கடத்தப்பட்டதாகச் சுங்கத் துறையே கணக்குச் சொன்னது. அதே ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி பட்ஜெட்டில் வரி 6 சதவீதமாக இறங்கியது. இடைவெளி பத்தரை லட்சத்திலிருந்து 4.2 லட்சம். குருவி, டிக்கெட், பிடிபடும் அபாயம் எல்லாம் போக மிச்சம் என்ன நிற்கும்? நல்ல முடிவுதான். ஆனால் 2025-இல் தங்கம் கிலோ ஒரு கோடியைத் தாண்டியதும், அந்த 6 சதவீதமே 6 லட்சத்துக்கு மேல் போய்விட்டது. விகிதம் அப்படியே இருந்தும் ஆசை வளர்ந்துவிட்டது.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். ஆளை ஆள் பார்க்காவிட்டால் லஞ்சம் போய்விடும் என்பது நம் அரசின் பெரிய நம்பிக்கை. முகமில்லா மதிப்பீடு 2020 ஜூன் 8-ஆம் தேதி தொடங்கியது. பெங்களூருவிலும் சென்னையிலும்தான் முதலில், இயந்திரங்களுக்கும் மின்சாதனங்களுக்கும் மட்டும். அதே அக்டோபர் முடிவுக்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. சென்னையில் இறங்கும் சரக்கின் பில் ஆஃப் என்ட்ரியை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி பார்ப்பார். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் கம்பெனிச் சரக்கு முதல் தொகுதியிலேயே இருந்தது. மதிப்பீட்டுக்காகக் கட்டடத்தில் காத்துக் கிடக்கும் வேலை உண்மையிலேயே குறைந்தது. அதை மறுக்க மாட்டேன். கூடவே, பொருளையே பார்த்திராத ஒருவருக்கு, ஒரு பேரிங் எந்த இயந்திரத்துக்கு என்று நான்கு முறை எழுத்தில் விளக்க வேண்டிய புது வேலையும் வந்தது.

ஆனால் பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு முகம் இருக்கிறது. சரக்கு இங்கேதான் இருக்கிறது, பரிசோதனையும் இங்கேதான். மேசையில் அடைத்த வழி பரிசோதனை நடக்கும் ஷெட்டில் திறந்துகொள்ளலாம். பிலிப்பைன்ஸில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். குறிப்பிட்ட மதிப்புக்கு மேலான சரக்குகளைக் கிளம்பும் நாட்டிலேயே தனியார் நிறுவனம் சோதிக்கும் முறை அங்கே இருந்தது. அந்த வரம்புக்குக் கீழே சரக்கைத் துண்டு துண்டாக அனுப்பி ஏய்த்தார்கள். 1990-இல் வரம்பைக் குறைத்து இறுக்கினார்கள். சின்னச் சரக்குகளின் வழி அடைபட்டது. ஆனால் சரக்கு, ஏற்றுமதி மண்டலங்களின் வரியில்லா வழிக்குத் திரும்பிவிட்டது. அரசுக்குச் சோதனைச் செலவு கூடியதுதான் மிச்சம்.

மடகாஸ்கர் கதை இன்னும் சுவாரசியம். எந்த இறக்குமதிப் பத்திரத்தை எந்த அதிகாரி பார்ப்பது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட வேண்டும் என்று விதி. ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, சில ஏஜென்ட்களின் பத்திரங்கள் சில அதிகாரிகளிடமே போய்ச் சேர்வது குலுக்கலில் வரவே முடியாத அளவுக்கு அதிகமாக இருந்தது. குலுக்கலிலேயே கை வைத்திருந்தார்கள். அப்படிப் போன பத்திரங்களில் ஏய்ப்புக்கான வாய்ப்பு அதிகம். ஆனால் அவற்றில் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டதோ குறைவு, கிளியரன்ஸும் வேகம். இழப்பு மொத்த வரி வசூலில் சுமார் 3 சதவீதம், அதுவும் ஒரு கைப்பிடி ஆட்களிடம் குவிந்திருந்தது. குலுக்கும் பொறுப்பை வெளியாரிடம் கொடுத்தார்கள். கொஞ்ச காலம் அடங்கியிருந்து, வேறு வடிவத்தில் மீண்டும் தலைதூக்கியது. ஆனால் இந்தக் கதையை நான் அவநம்பிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு ரூபாய் லஞ்சத்தையும் கண்ணால் பார்க்காமல், யாரையும் பொறி வைத்துப் பிடிக்காமல், வெறும் பதிவேட்டை வைத்தே எந்த ஜோடி என்று கண்டுபிடித்தார்கள் பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் லஞ்சத்தை நிறுத்தாது. ஆனால் நடந்ததை மறக்காது.

சம்பளத்தை உயர்த்துவது, இடமாற்றம் செய்வது, கேமரா வைப்பது எல்லாம் ஓரளவுக்குத்தான். ஜார்ஜியா நாடு ஆட்களை மாற்றியதோடு நிற்கவில்லை, 2006-இல் 16 வரி விகிதங்களை 0, 5, 12 என்ற மூன்றாகச் சுருக்கியது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. நம் 2025 பட்ஜெட்டிலும் தொழில்பொருள்களுக்கு 7 விகிதங்களை நீக்கி, பூஜ்யத்தையும் சேர்த்து 8 விகிதங்கள் போதும் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. பக்கத்தைத் திருப்பினால், குறைத்த பல பொருள்களில் மொத்தச் சுமை மாறாமலிருக்க வேளாண் கட்டமைப்பு செஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாக்குக்கும் வறுத்த பாக்குக்கும் நடுவில் இருந்த மாதிரி இடைவெளிகளை அட்டவணையில் தேடித் தேடி அடைப்பது வேறு வேலை. அதைச் செய்தால் ஏதாவது ஒரு சங்கம் டெல்லிக்கு மனுவோடு போகும். அதனால்தான் யாரும் செய்வதில்லை.

பிடுங்கும் லஞ்சத்துக்கு அவ்வளவு பெரிய அரசியல் துணிச்சல்கூட வேண்டாம். தாக்கல், மதிப்பீடு, க்வெரி, பதில், பரிசோதனை, அவுட் ஆஃப் சார்ஜ் எனும் விடுவிப்பு என்று ஒவ்வொரு கட்டமும் எத்தனை மணிக்கு நடந்தது என்பது சுங்கத் துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில் ஏற்கெனவே பதிவாகிறது. என் பத்திரத்தின் நேரத்தை நான் பார்க்கலாம், பக்கத்துக் கம்பெனியுடையதைப் பார்க்க முடியாது. பெயர்களை மறைத்துவிட்டு ஷெட் வாரியாக, சரக்குத் தலைப்பு வாரியாக, வாரத்தின் எந்த நாள் என்பது வாரியாக நேரத்தை மாதாமாதம் வெளியிடட்டும். எந்த ஷெட்டில் வெள்ளிக்கிழமை க்வெரி மற்ற நாட்களைவிட அதிகம் என்று எங்களைப் போன்ற குமாஸ்தாக்களே எண்ணிச் சொல்லிவிடுவோம். கூடவே, அதிகாரியின் தரப்பில் தாமதமான நாட்களுக்கான சிஎஃப்எஸ் வாடகையை, யாரும் சான்றிதழ் கேட்டு அலையாமல், துறையே கட்டட்டும். தாமதக் கட்டணம் 5,000 என்று எங்களுக்கு வைத்த அதே விகிதம் போதும்.